பத்து லட்சம் மெயில், ஒரு சோதனைச்சாவடி: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் பஸ் ஏறியவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். மதகடிப்பட்டு தாண்டி, வளவனூர் வருவதற்குள் சோதனைச்சாவடியில் பஸ் நிற்கும். போலீஸ்காரர் ஏறுவார். மேலே இருக்கும் பைகளைத் தட்டிப் பார்ப்பார். சீட்டுக்கு அடியில் கிடக்கும் கட்டைப்பையை விரலால் விலக்குவார். "இது யாருது? உள்ள என்ன இருக்கு?" துணிக்கடைப் பை என்றால் அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். உள்ளே மது பாட்டில் கிணுகிணுத்தால் கதையே வேறு! எந்தக் கடையில் என்ன வாங்கினோம் என்பதுதான், நாம் இறங்க வேண்டுமா, ஊருக்குப் போகலாமா என்பதை முடிவு செய்யும்.

இதே கதை உங்கள் கைபேசிக்குள் நடந்தால்? வரும் பாட்டையும் படத்தையும் செய்தியையும் நடுவழியில் ஒருவர் நிறுத்தி, "இது எந்தக் கடைச் சரக்கு?" என்று கேட்டால்? நம்ம கடைச் சரக்கு என்றால் இலவசம், அடுத்த கடை என்றால் கூடுதல் காசு என்றால்?

2015-ல் இந்தக் கேள்வி நிஜமாகவே நம் நாட்டின் முன்னால் வந்து நின்றது. பஸ் மறியல் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே லட்சக்கணக்கான பேர் பதில் எழுதினார்கள். அரசு ஆணையமே திரும்பிப் பார்த்தது! எந்தக் கடைச் சரக்கானாலும் ஒரே மாதிரி விட வேண்டும் என்பதை இணைய சமநிலை, ஆங்கிலத்தில் நெட் நியூட்ராலிட்டி என்கிறார்களே, அதைச் சுற்றி நடந்த அதிசயங்கள் ஒன்றா இரண்டா? வாருங்கள், ஒவ்வொன்றாக!

நீங்கள் அனுப்பும் ஒரு போட்டோ, நூறு பொட்டலம்... தெரியுமா?

காலையில் "இனிய வணக்கம்" என்று ரோஜாப்பூ படம் அனுப்புகிறீர்களே, அது முழுசாகப் போவதில்லை! சுமார் 1,500 பைட் அளவுள்ள குட்டிக் குட்டிப் பொட்டலங்களாகப் பிரிந்து ஓடுகிறது. 150 கிலோபைட் படம் என்றால் ஏறத்தாழ 100 பொட்டலம். நான்கு எம்பி பாட்டு என்றால் கிட்டத்தட்ட 2,700! ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி. வழியில் இருக்கும் கருவிகள் முகவரியைப் பார்த்து அடுத்த கைக்குத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை.

பிரிக்கவே முடியாதா என்றால், முடியும்! உள்ளே எட்டிப் பார்த்து, இது வீடியோ, இது போன் பேச்சு என்று தரம் பிரிக்கும் தொழில்நுட்பம் பல ஆண்டுகளாகவே உண்டு. நம் சாவடிப் போலீஸ்காரர் ஒரு பஸ்ஸைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். இந்தக் கருவி கண் சிமிட்டும் நேரத்தில் லட்சம் பை பார்க்கும். முடியும் என்பதால் செய்யலாமா? சண்டையே அதில்தான்.

இந்தச் சண்டைக்கு வயது 160-க்கு மேல்... தெரியுமா?

இது ஏதோ ஸ்மார்ட்போன் காலத்துத் தகராறு என்று நினைத்தால் தப்பு! 1854-ல் இந்திய அஞ்சல் துறை ஒரு புரட்சி செய்தது. கால் தோலா எடைக்குள் கடிதமா, அரையணா ஸ்டாம்ப் ஒட்டு, இந்தியாவின் எந்த மூலைக்கும் போகும்! அடுத்த ஊருக்கும் அரையணா, கல்கத்தாவுக்கும் அரையணா. எழுதியவர் ஜமீன்தாரா, எழுத்துக்கூலி கொடுத்து எழுதிய கூலிக்காரரா என்ற கேள்வி இல்லை. எடைக்கு மட்டும்தான் காசு.

ஆறு வருஷம் கழித்து, 1860-ல், அமெரிக்கா தன் மேற்குக் கரைக்குத் தந்திக் கம்பி இழுக்கச் சட்டம் போட்டது. அரசுத் தந்தி தவிர, யார் கொடுத்த தந்தியானாலும் வந்த வரிசைப்படி, பாரபட்சம் இல்லாமல் அனுப்ப வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். கம்பி போடும்போதே "வரிசையில் வா" என்று சொல்லிவிட்டார்கள்!

தானியங்கி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பிறந்ததே பாரபட்சத்தால்... தெரியுமா?

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர். தொழில்? இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்து தருவது! அந்தக் காலத்தில் போன் எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண்தான் கையால் இணைப்புக் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரோஜருக்கு ஒரு சந்தேகம். "நம்மைத் தேடி வருகிற போனெல்லாம் போட்டிக்காரனுக்குப் போகிறதே!" அந்தப் போட்டிக்காரரின் மனைவியே எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

சண்டைக்குப் போனாரா மனிதர்? இல்லை! நடுவில் ஆளே இல்லாமல் தானாக இணைக்கும் கருவியைச் செய்தார். 1891-ல் காப்புரிமை, 1892-ல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச். பிறகு உலகம் முழுக்க பல பத்தாண்டுகள் ஓடியது அவர் பேர் சொல்லும் எக்ஸ்சேஞ்ச்தான்! நடுவில் இருப்பவர் பக்கம் சாயக்கூடாது என்ற ஒரே ஆத்திரத்தில் பிறந்த கருவி.

பெயர் வைத்தவர் பேராசிரியர், சட்டம் போட்டது சிலி... தெரியுமா?

"நெட் நியூட்ராலிட்டி" என்ற பெயரைச் சூட்டியவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ. ஆண்டு 2003. அதற்கு முதலில் சட்டம் போட்ட நாடு எது? அமெரிக்கா இல்லை, ஜப்பான் இல்லை. தென் அமெரிக்காவில் மிளகாய் மாதிரி நீண்டு கிடக்கிறதே, சிலி! 2010-லேயே போட்டுவிட்டது.

118 பக்கம், 20 கேள்வி, எல்லாம் ஆங்கிலத்தில்... தெரியுமா?

இப்போது நம் கதை. 2014 டிசம்பரில், ஆப் வழியாகப் பேசும் பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. அடுத்து, 2015 மார்ச் 27. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு கருத்துக் கேட்பு ஆவணத்தை வெளியிட்டது. 118 பக்கம்! உள்ளே 20 கேள்விகள்! வாட்ஸ்அப், ஸ்கைப் மாதிரி சேவைகளைக் கட்டுப்படுத்தலாமா? போன் கம்பெனிகள் ஆப்புக்கு ஆப்பு வேறுவேறு விலை வைக்கலாமா? பதில் சொல்ல ஏப்ரல் 24 வரை நேரம்.

யார் படிப்பார்கள் இதை? வக்கீல் படிப்பார், கம்பெனிக்காரர் படிப்பார். கைபேசிக்கு பத்து ரூபாய் டாப்-அப் போடுகிறவர் படிப்பாரா? அங்கேதான் சாமர்த்தியம்! மீடியாநாமா இணைய இதழின் ஆசிரியர் நிகில் பாவாவும் மென்பொருள்காரர்களும் வழக்கறிஞர்களுமாகச் சில தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். 20 கேள்விகளுக்கும் பதில் தயார் செய்து, "சேவ் தி இன்டர்நெட்" என்ற பெயரில் வைத்தார்கள். படி, வேண்டியதை மாற்று, டிராய்க்கு அனுப்பு. அவ்வளவுதான்! ஏப்ரல் 11-ல் மும்பையின் ஏ.ஐ.பி. நகைச்சுவைக் குழு ஒரு வீடியோ போட்டது. நாடே சிரித்தது. சிரித்த கையோடு மெயில் தட்டியது. கெடு முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேல்!

தமிழ்ப் புத்தாண்டு அன்று விழுந்த முதல் விக்கெட்... தெரியுமா?

இந்த அமளிக்கு நடுவிலேயே, ஏப்ரல் 6-ம் தேதி "ஏர்டெல் ஜீரோ" வந்தது. ஆப் வைத்திருக்கும் கம்பெனி காசு கட்டினால், அந்த ஆப்பைப் பார்க்கிறவருக்கு டேட்டா செலவு இல்லை. கேட்க இனிப்பாக இருக்கிறது, இல்லையா? காசு கட்ட முடியாத சின்னக் கடைக்காரர் கதி? அவர் கடைக்குப் போக மட்டும் வாடிக்கையாளர் கையிலிருந்து காசு போகும்!

இதில் ஃபிளிப்கார்ட் சேரப் பேசுகிறது என்ற செய்தி கசிந்ததும் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதன் ஆப்புக்கு ஒற்றை நட்சத்திரமாகக் குத்தித் தள்ளினார்கள்! ஏப்ரல் 14, சித்திரை ஒன்றாம் தேதி. நம் வீடுகளில் மாங்காய்ப் பச்சடி தாளித்துக் கொண்டிருந்த அன்று ஃபிளிப்கார்ட் விலகிவிட்டது. இனிப்பும் புளிப்பும் யாருக்கு எது என்று சொல்லவும் வேண்டுமா!

மெயில் போட்டவர் முகவரியெல்லாம் ஊருக்கே தெரிந்தது... தெரியுமா?

இது சிரிப்பா, அழுகையா என்று நீங்களே சொல்லுங்கள். ஏப்ரல் 27. வெளிப்படைத்தன்மைதானே வேண்டும் என்று டிராய் வந்த கருத்துகளையெல்லாம் தன் தளத்தில் ஏற்றியது. பெயரோடு, மெயில் முகவரியோடு! பத்து லட்சம் பேர் முகவரியும் விளம்பரக்காரர்களுக்கு வாழை இலை போட்டுப் பரிமாறியது போல ஆனது. அன்றே தளமும் முடங்கியது. நாங்கள்தான் முடக்கினோம் என்று ஒரு ஹேக்கர் குழு மார்தட்டியது. இணையத்தைக் காப்பாற்ற எழுதியவர்களுக்கு இணையமே கொடுத்த முதல் பாடம்!

இலவச இன்டர்நெட் முதலில் வந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று... தெரியுமா?

2015 பிப்ரவரி 10. ஃபேஸ்புக்கும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் கைகோத்து "இன்டர்நெட்.ஆர்க்" என்ற இலவசச் சேவையைத் தொடங்கின. முதலில் வந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு, மொழிகளில் தமிழும் உண்டு! டேட்டா காசு இல்லாமலே முப்பத்துச் சொச்சம் தளங்களைப் பார்க்கலாம். செப்டம்பரில் அதற்கே "ஃப்ரீ பேசிக்ஸ்" என்று புதுப் பெயர்.

இலவசமாகத் தருகிறான், வாங்கிக் கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டவர்கள் ஏராளம். நியாயமான கேள்விதான்! ஒரு ஜிபி இருநூறு ரூபாய்க்கு மேல் விற்ற காலம் அது. ஏழைக்கு முப்பது தளமாவது கிடைக்கட்டுமே?

பதிலுக்கு நம் வீட்டு ஹாலையே பாருங்கள். 2006-ல் தொடங்கி அரசு வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்தது. அந்த டிவியில், கொடுத்தவர் பொறுக்கிய சேனல்கள் மட்டும்தான் தெரியும் என்று ஒரு பூட்டுப் போட்டிருந்தால்? டிவி இலவசம்தான். ஆனால் ரிமோட் யார் கையில்?

எனக்கு இந்த விஷயம் புரிந்தது வளவனூரில் ஒரு ரீசார்ஜ் கடை வாசலில். 2015 மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் நாள். ஒரு அக்கா மகளோடு வேர்க்க விறுவிறுக்க வந்தார். "தம்பி, நெட்டு போட்டிருக்கேன், ரிசல்ட் வரமாட்டேங்குது." கடைத் தம்பி போனை வாங்கிப் பார்த்தான். "அக்கா, இது வாட்ஸ்அப் பேக். அது மட்டும்தான் ஓடும். ரிசல்ட் பாக்க ஃபுல் நெட் போடணும்." அந்த அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நெட்டுன்னா எல்லாம் ஒண்ணு இல்லையா?" கடைத் தம்பி தன் போனிலேயே ரிசல்ட் பார்த்துச் சொல்லிவிட்டான். பாஸ்! ஆனால் அக்கா கேட்ட கேள்வி இருக்கிறதே, டிராயின் 118 பக்கமும் அதற்குள் அடங்கிவிடும்.

கொட்டைப்பாக்குக்கு விலை கேட்டால் பட்டுக்கோட்டைக்கு வழி சொன்ன கதை... தெரியுமா?

2015 டிசம்பர் 9. டிராய் அடுத்த ஆவணத்தை எடுத்துக்கொண்டு வந்தது. உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறுவேறு விலை வைக்கலாமா? இந்த முறை நான்கே கேள்விகள்!

ஃபேஸ்புக் சும்மா இருக்குமா? நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரங்கள், சாலையோரம் பிரம்மாண்டப் பலகைகள். ஃபேஸ்புக்கைத் திறந்தாலே "ஃப்ரீ பேசிக்ஸை ஆதரியுங்கள்" என்று அறிவிப்பு, ஒரு தட்டு தட்டினால் டிராய்க்கு மெயில் தயார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருந்த சிலருக்குக்கூட இந்த அறிவிப்பு போய்விட்டது! தவறுதலாக நடந்தது என்றது நிறுவனம்.

மெயில் லட்சக்கணக்கில் குவிந்தது. ஆனால் உள்ளே என்ன? "ஃப்ரீ பேசிக்ஸ் எனக்குப் பிடிக்கும்" என்பதுதான்! டிராய் கேட்ட நான்கு கேள்விக்குப் பதிலே இல்லை. அப்போதைய தலைவர் ஆர்.எஸ்.சர்மா தலைமையிலான ஆணையம், கேள்விக்குப் பதில் வாங்கித் தாருங்கள் என்று திருப்பிச் சொன்னது. 2016 ஜனவரியில் எழுதிய கடிதம் இன்னும் காரம். கருத்துக் கேட்பை, ஏற்பாடு செய்து தலை எண்ணும் வாக்கெடுப்பாக்கப் பார்க்கிறீர்கள் என்ற பொருளில் சாடியது!

கவனியுங்கள், ஏப்ரலில் வந்ததும் தயார் நிலை மெயில்தான், டிசம்பரில் வந்ததும் தயார் நிலை மெயில்தான். பிறகு வித்தியாசம் எங்கே? முதலாவது 20 கேள்விக்கும் காரணத்தோடு பதில் சொன்னது. இரண்டாவது கை மட்டும் தூக்கியது. கிராமசபையில் கை தூக்குகிறவர் நூறு பேர் இருக்கலாம். "தெருவிளக்கு ஏன் எரியவில்லை, பில் எங்கே?" என்று எழுந்து கேட்கிற ஒருத்தருக்குத்தான் செயலர் நோட்டைப் புரட்டுவார்.

ஒரு நாளுக்கு 50,000, நூறே நாளில் உச்சம்... தெரியுமா?

2016 பிப்ரவரி 8. டிராயின் விதி வந்தது! உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 50 லட்சம். கணக்குப் போடுங்கள், நூறே நாளில் உச்சத்தைத் தொட்டுவிடும்! ஓடிக்கொண்டிருந்த பேக்குகளுக்கு அதிகபட்சம் ஆறு மாதம் அவகாசம். நம் கடைத் தம்பியின் "வாட்ஸ்அப் பேக்" போர்டு இறங்கியது அப்படித்தான்.

ஒரே ஒரு வாசல் திறந்திருந்தது. அவசர காலச் சேவைக்கு விலை குறைக்கலாம், ஆனால் டிராய்க்குச் சொல்ல வேண்டும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லாதது போல! மற்ற லாரிக்கெல்லாம் அச்சு எத்தனை என்று எண்ணித்தான் காசு. உள்ளே இருப்பது யார் கடை அரிசி என்று சுங்கச்சாவடியில் யாராவது கேட்டதுண்டா?

மூன்றே நாள். பிப்ரவரி 11-ல் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டு மூட்டை கட்டியது. இடையில் ஃபேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், காலனி ஆதிக்கத்தை எதிர்த்ததால்தான் இந்தியா பொருளாதாரத்தில் கெட்டது என்ற தோரணையில் ட்வீட் போட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, மன்னிப்பும் கேட்டார். வெள்ளைக்கார எல்லை ஒரு பக்கம், பிரெஞ்சு எல்லை மறுபக்கம் என்று 1947 வரை வாழ்ந்த எங்கள் பகுதிப் பெரியவர்களிடம் அதைச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்!

இலவசம் போனதால் ஏழை நஷ்டப்பட்டாரா? அதே 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, போட்டியில் டேட்டா விலை தரை தட்டியது. விலையைக் குறைத்தது போட்டி, சட்டம் இல்லை. ஆனால் குறைந்த விலையில் வந்தது முழு இன்டர்நெட். அதற்குக் காரணம் சட்டம்! 2018-ல் போன் கம்பெனிகளின் உரிமத்திலேயே பாரபட்சம் கூடாது என்ற நிபந்தனையும் ஏறியது.

ஒரே ஒரு கல்லூரி மாணவர், 77 லட்சம் கருத்து... தெரியுமா?

அமெரிக்கா இதில் நம்மைவிடப் பெரிய கூத்து! 2014-ல் ஜான் ஆலிவர் என்ற நகைச்சுவையாளர் டிவியில் கிண்டலடித்த வேகத்தில் அங்குள்ள ஆணையத்தின் கருத்துப் பெட்டியே திணறியது. 2015-ல் சமநிலை விதி வந்தது. 2017-ல் அதை நீக்கப் போகிறோம் என்றபோது வந்த கருத்துகள் சுமார் 2 கோடியே 20 லட்சம்!

அடேயப்பா என்கிறீர்களா? பொறுங்கள். நியூயார்க் அட்டர்னி ஜெனரல் விசாரித்து 2021-ல் அறிக்கை கொடுத்தார். அதில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் போலி! 85 லட்சம், பிராட்பேண்ட் கம்பெனிகள் காசு கொடுத்து நடத்திய பிரசாரத்தில் வந்தவை. எதிர்ப்பக்கமும் உத்தமர் இல்லை. 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் தனியாளாக மென்பொருள் வைத்து, இல்லாத பெயர்களில் 77 லட்சம் கருத்து அனுப்பியிருந்தார்! எண்ணிக்கையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அங்கே 2017-ல் விதி போனது, 2024-ல் திரும்பி வந்தது, 2025 ஜனவரியில் நீதிமன்றம் மறுபடி அடித்துவிட்டது. ஊஞ்சல்! நம் ஊர் விதி 2016-லிருந்து அசையாமல் நிற்கிறது.

கதை இன்னும் முடியவில்லை... தெரியுமா?

அன்றைய தன்னார்வலர்கள் 2016-ல் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2023 ஜூலையில் டிராய் மறுபடி ஓர் ஆவணம் போட்டது. வாட்ஸ்அப் போன்ற சேவைகளைக் கட்டுப்படுத்தலாமா? கலவர நேரத்தில் குறிப்பிட்ட ஆப்பை மட்டும் நிறுத்தலாமா? "எங்கள் ரோட்டில் அதிகம் ஓட்டுகிற பெரிய வண்டிக்காரர்கள் எங்களுக்குப் பங்கு தரட்டும்" என்று போன் கம்பெனிகள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. சாவடிக்குப் பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். டிராய் ஆவணம் போட்டால் இன்றும் யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். வளவனூரிலிருந்தும் எழுதலாம், ஸ்டாம்ப் கூட வேண்டாம்!

போன வாரம் அதே பஸ்ஸில் வந்தேன். சாவடியில் நின்றது. போலீஸ்காரர் ஏறினார். என் மடியில் இருந்த பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே பாண்டி பேக்கரி ரொட்டியும் அம்மாவுக்கு வாங்கிய மாத்திரையும். சரி என்று தலையாட்டினார். பக்கத்து சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பெண் போனில் ஏதோ பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பையையும் பார்த்தார். போனைப் பார்க்கவில்லை. பஸ் நின்ற அந்த ஐந்து நிமிஷமும் பாடம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.